ஜி.டி. நாயுடு கற்ற விதம்



வெள்ளகோவிலிலிருந்து மேற்கு நோக்கிக் கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காங்கேயத்தையும் பல்லடத்தையும் கடந்து சென்றால் சூலூர் வரும். அதனை அடுத்துக் கலங்கல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு என்றால் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. இந்தியாவின் எடிசன் என்றும், கல்லூரி காணாத மேதை என்றும் அவரைப் போற்றுகிறோம். அவர் என்னென்ன செய்தார் என்பதைப் பலரும் சொல்லிவிட்டனர். அவற்றைச் செய்யும் ஆற்றலை அவர் எவ்வாறு கற்றுக்கொண்டார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளித் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மகனின் படிப்பை நிறுத்திவிட்டுத் தறிப்பட்டறைக்கோ லாரிப்பட்டறைக்கோ அனுப்ப எண்ணிய தந்தையர் பலர் என்னிடம் வந்ததுண்டு. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும்போது அவர்கள் தவறாமல் சொல்லும் நியாயம் ஒன்று இருந்தது. "ஏனுங்க வாத்தியாரய்யா, நம்ம ஜி.டி. நாயுடு எந்தப் பள்ளிக்கூடத்துலீங்க படிச்சாரு?" என்பார்கள். கேள்வி எளிதுதான். ஆனால் ஒரு சிறுவனின் எதிர்காலம் முழுவதும் அக்கேள்வியின்மேல் நின்றது. வெறும் அறிவுரையால் அதற்கு விடை கூற இயலாது. அப்பெருமகனாரின் வரலாற்றை ஒழுங்காக எடுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆசிரியர்மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிடுவார் என்னும் கதை இன்றும் வழங்குகிறது. ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு அக்கதை இனிமையானதன்று. எனினும் அதை மறைப்பதற்கில்லை. அவர் பெற்ற பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. இளமையிலேயே தாயை இழந்தவர். அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கியவர். தோட்டத்து வேலைக்கு அனுப்பப்பட்டார். அன்றைய நிலையில் இத்தகைய பிள்ளையின் கதை அவ்விடத்திலேயே முடிந்துவிட்டிருக்க வேண்டும்.

முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கில அதிகாரி ஒருவர் அப்பகுதிக்கு ரட்ஜ் என்னும் இங்கிலாந்து நாட்டு வண்டியில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியை அவ்விளைஞர் அதுவரை கண்டதில்லை. ஊரார் அனைவரும் அதனைக் கண்டிருப்பர், வியந்திருப்பர், மாலையில் மறந்தும் இருப்பர். துரைசாமிக்கோ அது மறக்கவில்லை. இவ்வண்டி எனக்கு வேண்டும், இதன் உள்ளே இருப்பதை நான் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

இதற்குப் பின் அவர் செய்த செயலே என் கருத்தில் அவருடைய வாழ்வின் மிக முக்கியமான செயல். ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவ்வேலையிலேயே இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாய் அளவில் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். பள்ளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க இயலாத பிள்ளை, தட்டு ஏந்தியும் மேசை துடைத்தும் மூன்றாண்டுகள் பொறுத்திருந்தான்! அடக்கம் இல்லை என்று முன்னர் சொன்னோமே, அச்சொல்லை நாம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அடக்கம் இருந்தது. எதற்காக அடங்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். நாயுடுவைக் காட்டி மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்த தந்தையரிடம் நான் முதலிற் கேட்ட கேள்வி இதுவே: உங்கள் மகன் எந்தப் பொருளுக்காக மூன்றாண்டுகள் காத்திருக்கிறான்? பெரும்பாலும் அதற்கு விடை வருவதில்லை.

வாங்கிய வண்டியை அவர் ஓட்டிப் பெருமை கொண்டதோடு நிற்கவில்லை, கழற்றினார். ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்து வைத்து, மீண்டும் பூட்டினார். இதனை நாம் விளையாட்டென்று எண்ணிவிடலாகாது. ஒற்றை உருளை கொண்ட பெட்ரோல் எந்திரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். எரிபொருள் காற்றோடு கலந்து உருளைக்குள் நுழைய வேண்டும். உந்து தண்டு அதனை அழுத்த வேண்டும். சரியான கணத்தில் மின்பொறி தோன்ற வேண்டும். எரிந்த புகை வெளியேற ஒரு வாயில் திறக்க வேண்டும். உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கும் வரிசை தவறாமல் நிகழ்ந்தால்தான் சக்கரம் சுழலும். பிரித்த உறுப்புகளைத் திரும்பப் பூட்டுகிறவன், எந்த உறுப்பு எதற்கு முன் அசைகிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத் தன் கையாலேயே அறிந்துகொள்கிறான். பூட்டியதில் பிழை இருந்தால் எந்திரம் இயங்காது. முகத்தாட்சணியமோ, ஐந்து மதிப்பெண் கூட்டிப் போடுவதோ அதனிடம் இல்லை. அத்துணை நேர்மையான தேர்வாளரை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கெர்பார்ட் என்னும் செருமானியக் கல்வியறிஞரின் வழிவந்த பாடப் படிகளைக் கற்பித்தனர். மாணவன் முன்பே அறிந்ததைத் தூண்டி, புதியதை எடுத்துரைத்து, ஒப்பிட்டு, பொதுவிதி வகுத்து, பின்னர் அதனைப் பயன்படுத்தச் செய்தல் என்பது அம்முறை. நல்ல முறைதான், நாற்பது மாணவர் கொண்ட வகுப்புக்கு வேறு வழியும் அரிது. ஆனால் அதில் பொருள் கடைசியில் வருகிறது. நாயுடுவின் முறையில் பொருளே முதலில் வந்தது. விதி பின்னால் வந்தது. அமெரிக்காவில் ஜான் டூயி செய்து கற்றலை வற்புறுத்தி எழுதிக்கொண்டிருந்த காலமும் ஏறத்தாழ அதுவே. கோவையின் உணவு விடுதிப் பணியாளர் டூயியைப் படித்திருக்க வழியில்லை. கல்வியறிஞர் நூலில் எழுதியதை இவர் எண்ணெய்க் கையோடு செய்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் நேராக மேலே ஏறிவிட்டார் என்று கருதுவது தவறு. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிகத்தில் ஈடுபட்டு, அங்கே இழந்து திரும்பினார். எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சந்தையைப் பிரித்துப் பார்க்க இயலாது போலும்!

திரும்பி வந்தவருக்குக் கை கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். இங்கிலாந்திலிருந்து இளமையிலேயே கோவைக்கு வந்து, காப்பி வாணிகம், நூற்பாலை, பள்ளி எனப் பலவற்றை இந்நகரில் நிறுவியவர் அவர். 8,000 ரூபாய் விலையுள்ள பேருந்து ஒன்றை வாங்க நாயுடுவுக்கு அவர் 4,000 ரூபாய் கடனாகத் தந்தார். 1920 ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டியவர் நாயுடுவே. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும், சுருக்கமாக யு.எம்.எஸ். என்றும் பின்னர்ப் புகழ் பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் அந்த ஒற்றைப் பேருந்து.

தனியே கற்றவர் என்று நாம் சொல்லும் எவரையும் சற்று நெருங்கிப் பார்த்தால், அருகே ஒரு ஸ்டேன்ஸ் நிற்பதைக் காணலாம். லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் பயிலாளாக இருந்த மைக்கேல் பாரடேயைப் பாருங்கள். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்து அறிவியல் கற்றவர் அவர். 1812 ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, அவற்றைக் குறிப்பெடுத்து, கட்டடம் செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு டேவி அவரை அரசுக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். டேவி கதவைத் திறவாதிருந்தால் பாரடேயின் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? ஸ்டேன்ஸ் கொடுத்த 4,000 ரூபாயும் அத்தகைய கதவுதான். கல்லாத இளைஞனின் சொல்லை நம்பிப் பணம் கொடுத்த அப்பெரியவரின் மதிநுட்பத்துக்கும் நாம் ஒரு பங்கு நன்றி செலுத்த வேண்டும்.

பேருந்துத் தொழிலில் நாயுடு கற்றவை பல. ஓட்டுநராக இருந்து சாலையைக் கற்றார். பட்டறையில் நின்று எந்திரத்தின் தேய்மானத்தைக் கற்றார். பயணச்சீட்டும் கணக்கும் கற்றார். இவற்றுள் எல்லாம் தலையாயது நேரம் என்று நினைக்கிறேன். குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்தல் என்பது அன்றைய நம் ஊர்ப்புறத்துக்குப் புதிய வழக்கம். பொழுது சாய, கோழி கூப்பிட என்று காலத்தை அளந்துகொண்டிருந்த மக்களைக் கடிகாரம் பார்க்கப் பழக்கியதில் இரயில் வண்டிக்குப் பங்குண்டு. அதற்கு அடுத்த பங்கு இத்தகைய பேருந்துகளுக்கு உண்டு. 1930-களின் தொடக்கத்திலேயே யு.எம்.எஸ். நாட்டின் திறமையான போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

செல்வம் சேர்ந்ததும் பலர் கற்பதை நிறுத்திவிடுவர். இவர் அப்போதுதான் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார். இங்கிலாந்து, செருமனி முதலிய நாடுகளுக்குச் சென்று, தொழிற்கூடங்களைக் கண்டார். ஒளிப்படக் கருவியையும் திரைப்படக் கருவியையும் கையில் எடுத்துச் சென்றார். 1936 ஆம் ஆண்டில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் அவருடைய கருவி பதிவு செய்திருக்கிறது. படம் பிடித்தவர் சும்மா இருந்தாரா? ஒளிப்படக் கருவிக்குத் தொலைவைச் சரிப்படுத்தும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். முகம் மழிக்கும்போது இன்னும் நல்ல கருவி வேண்டும் என்று தோன்றியிருக்கும் போலும். உலர் மின்கலத்தால் ஓடும் சிறிய மோட்டாரை உள்ளே வைத்து ரசண்ட் என்னும் மின்மழிப்பானைச் செய்தார். அதற்குரிய மெல்லிய அலகுகளையும் செய்தார். மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு செய்யும் எந்திரம் எனப் பட்டியல் நீளும். இவை அனைத்துக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. எதுவும் வானத்திலிருந்து இறங்கிய எண்ணம் அன்று. கையாண்ட பொருளின் குறையிலிருந்து பிறந்த எண்ணம்.

இனி, இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருகிறேன். மேல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியதும் நூற்பாலைகள் பெருகின. எங்கள் வெள்ளகோவில் பகுதி போன்ற மழை குறைந்த வானம் பார்த்த பூமிக்கு அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது. ஆழ்கிணற்றிலிருந்து எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்த உழவர், மோட்டார் வைத்து இறைக்கலாம் என்னும் நிலை வந்தது. ஆனால் மோட்டார் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. 1937 ஆம் ஆண்டில் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்கூடத்திலிருந்து இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதனை உருவாக்கிய பெருமையில் அவரோடு பங்குடையவர் டி. பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவிக் கோவையின் எந்திரத் தொழிலுக்குத் தூணாக விளங்கியவர் அவரே.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எந்திரத்தைப் பிரித்தால் அது இயங்கும் விதம் கண்ணுக்குத் தெரியும். உந்து தண்டு மேலும் கீழும் போவதைக் காணலாம். அடைப்பான் திறப்பதைக் காணலாம். மின்மோட்டாரைப் பிரித்தால் என்ன தெரியும்? இரும்புத் தகடுகளும், அவற்றின் காடிகளில் சுற்றிய செம்புக் கம்பியும், நடுவே ஓர் உருளையும் தெரியும். அதனைச் சுழற்றுகிற காந்தப் புலத்தைக் கண்ணாற் காண இயலாது. கையால் தொடவும் இயலாது. எத்தனை சுற்று, எவ்வளவு பருமனான கம்பி, உருளைக்கும் கூட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவை கணக்கினால் வருபவை. பார்த்து அப்படியே செய்யலாம் என்றால், ஒரு குதிரைத் திறன் மோட்டாரைப் பார்த்து ஒரு குதிரைத் திறன் மோட்டாரைச் செய்யலாம். ஐந்து குதிரைத் திறனுக்கு வேறு கணக்கு வேண்டும். பிரித்துக் கற்றலின் எல்லை அவ்விடத்தில் வந்துவிடுகிறது. அங்கே நூலும், கணிதமும், வேறு மனிதரின் அறிவும் தேவைப்படுகின்றன.

பாரடேயின் வரலாற்றிலும் இதே எல்லை உண்டு. மின்சாரமும் காந்தமும் ஒன்றையொன்று தூண்டும் உண்மையை அவர் சோதனையால் கண்டார். கணிதம் அவருக்குக் கைவரவில்லை. அவருடைய காட்சிகளைச் சமன்பாடுகளாக்கியவர் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற கிளார்க் மாக்ஸ்வெல். அவர்கள் இருவரில் யார் பெரியவர் என்று கேட்பது வீண். அதுபோலவே நாயுடுவின் பெருமை பிறர் துணையால் குறைவதன்று. ஆனால் தனித்துக் கற்பவனுக்குத் துணையே வேண்டா என்று சொல்வோர், பீளமேட்டு மோட்டாரின் கதையைக் கேட்டறிய வேண்டும். வெள்ளகோவிலில் விசைத்தறியைக் கழற்றி மாட்டும் திறமை மிக்க இளைஞர்களை நான் அறிவேன். தறியின் எந்த மரையும் அவர்களுக்கு மறைவானதன்று. மோட்டார் எரிந்துபோனாலும் பழைய சுற்றுகளை எண்ணிப் பார்த்து அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றிவிடுவர். ஏன் அந்த எண்ணிக்கை என்று கேட்டால் சிரிப்பர். அந்த ஏன் என்ற இடத்தில்தான் பள்ளிக்கு வேலை இருக்கிறது.

இதை நாயுடுவே உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த ஒரு செயல் சான்று. பள்ளியை வெறுத்து ஓடிய அவர், கல்விக்கூடம் அமைக்கப் பெரும்பொருள் கொடுத்தார்! அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் கோவையில் தோன்றின. 1945 ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல்வராகவும் நாயுடு இருந்தார். பட்டம் ஒன்றும் பெறாதவர் பொறியியற் கல்லூரியின் முதல்வர்! நான் அறிந்தவரை இதற்கு இணையான செய்தி நம் கல்வி வரலாற்றில் அரிது.

அங்கும் அவர் அமைதியாக இருக்கவில்லை. நான்காண்டுப் பாடத்திட்டம் மாணவர் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டுகள் போதும் என்றார். பல துறைகளிலும் குறுகிய காலப் பயிற்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்றார். அரசு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இப்பூசலில் யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்டால், பாதிப் பாதி என்பேன். தொழிற் பயிற்சியில் வீணாகும் மாதங்கள் உண்டு. பொருளைத் தொடாமலே பொறியியல் படித்து வெளிவரும் மாணவரை நாம் இன்றும் காண்கிறோம். அவ்வகையில் அவர் சொன்னது சரி. ஆனால் தம்மைப் போலவே எல்லோரும் விரைந்து கற்பர் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கற்கும் வேகம் மிக்கவர் கற்பிக்கும்போது செய்யும் பிழை இது. வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்ற எவரும் இதனை அறிவர். மூன்றாண்டுகள் தட்டு ஏந்தியாவது மோட்டார் சைக்கிள் வாங்குவேன் என்னும் வேட்கை உள்ள மாணவன் இரண்டாண்டில் முடிப்பான். மற்றவனுக்கு அந்த வேட்கையை ஊட்டவே இரண்டாண்டு ஆகும்.

வானொலியில் பேசிக்கொண்டு வானொலிப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1941 ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். வெளிநாட்டுப் பெட்டிகள் செல்வர் வீட்டு மேசைகளை மட்டுமே அலங்கரித்த காலம் அது. 1952 ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தர முன்வந்தார். அதனைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் சாலைக்கு வரவில்லை. வேளாண்மையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய வகைகளை வளர்த்துக் காட்டினார். பத்தடி உயரம் வளர்ந்த அவருடைய பருத்திச் செடியைக் காணப் பலர் வந்தனர்.

1950-களில் வரிக் கொள்கையின்மேல் கொண்ட சினத்தால், தாம் செய்த வானொலிப் பெட்டிகளையும் கடிகாரங்களையும் மக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்தார். அவர் வாழ்வில் என் மனம் ஒப்பாத செயல் இது ஒன்றே. சினத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். தடை மேல் தடை கண்ட ஒருவரின் நோவை நாம் அளக்க இயலாது. ஆயினும் ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்று, அதனினும் சிறந்த பொருளைப் படைத்த கை, படைத்ததை உடைத்தது என்று படிக்கும்போது வருத்தமே உண்டாகிறது. உடைந்த பெட்டி ஒவ்வொன்றும் மற்றொரு சிறுவன் கழற்றிப் பார்த்துக் கற்றிருக்கக் கூடிய பெட்டி அல்லவா?

நல்லவேளையாக எல்லாம் உடையவில்லை. கோவை அவிநாசி சாலையில் அவர் அமைத்த தொழிற் கண்காட்சியில் அவருடைய கருவிகளும், உலகெங்கும் சென்று அவர் திரட்டி வந்த பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. என் பணிக்காலத்தில் வெள்ளகோவில் மாணவர்களைச் சிலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். மாணவரிடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அரிய பொருள்களைப் பெரும்பாலோர் பார்த்தவாறே கடந்து சென்றனர். கையால் இயக்கிப் பார்க்கத்தக்கது எதுவாயினும் அங்கே மட்டும் கூட்டம் நின்றது. இழுத்து வர வேண்டியிருந்தது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பையன்கள் அங்கே முதல் வரிசையில் இருந்தனர். அவர்களுள் ஒருவனைப் பள்ளியில் நிறுத்திவைக்க, ஆய்வுக்கூடத்துப் பழுதான கருவிகளை மாலை நேரத்தில் அவன் கையில் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். அவன் தந்தையும் முன்னர் என்னிடம் ஜி.டி. நாயுடு எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டவர்தான்.

நாயுடு 1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் மறைந்தார். அவர் முதல்வராக இருந்த கல்லூரி இடம் மாறி, பெயரும் மாறி, இன்று தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. ஆனால் பீளமேட்டை அடுத்த பழைய இடத்தில் கல்லூரியின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஹோப் காலேஜ் என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார், மக்கள் இறங்குகின்றனர். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை, 10 கிலோமீட்டர் நீளத்துக்குச் சற்று மிகுதியாக, அவிநாசி சாலையில் ஓர் உயர்மட்ட மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். பொள்ளாச்சிச் சாலையில் பேருந்தைத் தாமே ஓட்டிய மனிதரின் பெயரால் அமைந்த அப்பாலத்தின் மேல் வண்டிகள் விரைகின்றன. அதன் கீழே, அவர் விலகிச் சென்ற கல்லூரியின் பெயரைச் சொல்லிப் பேருந்துகள் நின்று செல்கின்றன.